சத்தமில்லாமல் டிவி பார்க்கும் பெரியம்மா

வேலையிலிருந்து வந்ததும் பெரியம்மா ஏப்ரனைக் கழற்ற மாட்டாள். அதன் மார்புப் பக்கத்தில் அன்றைக்கு மிஞ்சிய குண்டூசிகள் வரிசையாகக் குத்தியிருக்கும். அப்படியே வந்து சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு காலை மடித்து அடியில் வைத்துக்கொண்டு ரிமோட்டைத் தேடுவாள். ஜோடி தேடும் நிகழ்ச்சி அதற்குள் ஆரம்பித்திருக்கும். ஓர் ஆணும் பெண்ணும் மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்து வாயைத் திறந்ததும் சத்தத்தை முழுசாக நிறுத்திவிடுவாள். ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும் மிஞ்சும். திரையில் உதடுகள் அசையும். கொஞ்ச நேரம் கண் கொட்டாமல் பார்த்துவிட்டு, ஏப்ரனிலிருந்து ஒரு குண்டூசியை உருவி சோபாவின் கைப்பிடியில் குத்துவாள். ஒரு பொய்க்கு ஒரு குண்டூசி. நிகழ்ச்சி முடியும்போது கைப்பிடி முள்ளம்பன்றி மாதிரி நின்றால் அந்த ஜோடி தேறாது என்று அர்த்தம்.

அவளுக்கு வேலை ஒரு ரெடிமேட் துணிக்கடையின் பின்னறையில். நீளமான பேன்ட்டை மடித்துத் தைப்பது, இடுப்பைப் பிடிப்பது, தோள் இறங்கிய சட்டையைச் சரிசெய்வது. எனக்கு இந்த ஊரில் வேலை கிடைத்தபோது, தனியாக ஓர் அறை அமையும்வரை இருக்கிறேன் என்று சொல்லித்தான் அவள் வீட்டு ஹாலில் படுக்கையை விரித்தேன். பிறகு நானும் அறை தேடவில்லை, அவர்களும் கேட்கவில்லை. வீட்டில் பெரியம்மா, அவளுடைய ஒரே மகளான அக்கா, நான். பெரியப்பா எந்தக் காலத்திலோ வேறு ஊருக்குப் போய் வேறு குடும்பமாகிவிட்டார். பேச்சில் கெட்டிக்காரர் என்று அவரைத் தெரிந்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அதனால்தான் அவள் சத்தத்தை நிறுத்துகிறாள் என்று என் அம்மா ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். பெரியம்மாவிடம் அதைச் சொன்னால் சிரிப்பாள். நாள் பூரா மெஷின் சத்தம் கேட்டுவிட்டு வந்து இவனுங்க சத்தத்தையும் எதற்குக் கேட்க வேண்டும் என்பாள்.

மேல்மாடி நர்ஸ் டியூட்டி இல்லாத நாட்களில் எங்களோடு வந்து உட்காருவாள். அவளுக்கு அழுகை, பின்னணி இசை, தொகுப்பாளர் தொண்டையைக் கனைத்து நிறுத்துகிற நிறுத்தல் எல்லாம் வேண்டும். சத்தமே இல்லாமல் பார்ப்பதற்கு ஒரு மீன் தொட்டி வாங்கி வைத்திருக்கலாமே என்று பொருமுவாள். ஆனாலும் எழுந்து போக மாட்டாள். பெரியம்மா ஒவ்வொரு ஆளைப் பற்றியும் என்ன சொல்லப் போகிறாள் என்பதுதான் அவளுக்கு நிகழ்ச்சி.

பெரியம்மாவின் பார்வையில் இந்த நிகழ்ச்சிகளின் முதல் குற்றம், அதில் யாருக்கும் வேலை இல்லை என்பது. பத்துப் பேரைக் கொண்டுபோய் ஒரு பங்களாவில் அடைக்கிறார்கள், நீச்சல் குளம் இருக்கிறது, விதவிதமாகச் சாப்பாடு வருகிறது. சாப்பிட்ட தட்டு எங்கே போகிறது? அதை யார் கழுவுகிறார்கள் என்று ஒரே ஒரு நாள் காட்டட்டும், யார் யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்று அன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்பாள். ஒருவரையொருவர் பார்க்காமல் தடுப்புக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசுகிற நிகழ்ச்சி ஒன்று வந்தபோது முதலில் மெச்சிக்கொண்டாள். பத்து நிமிஷத்தில் அந்தப் பக்கத்து ஆண் குலுங்கிக் குலுங்கி அழுததும் ஒரே நேரத்தில் இரண்டு குண்டூசி குத்தினாள். "பாக்காத பொண்ணுக்கே இந்த அழுகை அழுதுட்டான்னா, கட்டிக்கிட்டு வந்தப்புறம் அழறதுக்கு என்னடா மிச்சம் வெச்சிருக்கான்?" என்று என்னைக் கேட்டாள்.

அவள் தொழில்கண் வேறு சும்மா இருக்காது. சட்டை உடம்போடு ஒட்டி அழகாக நிற்கிறதே என்று நர்ஸ் வியந்தால், முதுகுப்பக்கம் கிளிப் போட்டு இழுத்திருப்பார்கள், திரும்பச் சொல் பார்ப்போம் என்பாள். அவர்கள் திரும்பவே மாட்டார்கள்.

சினிமாவையும் விட்டுவைப்பதில்லை. ஒருத்தி குடையில்லாமல் மழையில் நிற்கிறாள், கதாநாயகன் குடையைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்று பாட ஆரம்பித்துவிடுகிறான் என்று அவளுக்கு ஒரு தீராத வருத்தம். பாதிப் படம் அவன் அவள் பின்னாலேயே போகிறான், அவள் திரும்பிப் பார்த்து முறைக்கிறாள், போலீஸைக் கூப்பிட வேண்டிய இடத்தில் வயலினைக் கூப்பிடுகிறார்கள். கதாநாயகியின் தோழிக்கு வீடு வாசல் கிடையாதா, வேலைக்குப் போக மாட்டாளா, பக்கத்தில் நின்று சிரிப்பதற்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்று கேட்பாள். எனக்குப் பிடித்த ஒரு படத்தில் இரண்டு பேர் ஒரு பாலத்தின் மேல் பேசாமல் நடந்துகொண்டே இருப்பார்கள். அதை அவளுக்குக் காட்டினேன். முழுசாகப் பார்த்துவிட்டு, வசனம் எழுதுகிறவருக்கு அன்றைக்கு ஜுரமா என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, "நீ படிக்கற கவிதைப் புஸ்தகத்துலகூடப் பாதிப் பக்கம் காலியாத்தான் இருக்கு. அவங்களும் என்னை மாதிரி சத்தத்தை நிறுத்திட்டு எழுதறாங்களோ என்னமோ" என்றாள்.

இதெல்லாம் திரையோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம்.

நான் வருவதற்கு முன்பு அக்கா தன் கூரியர் ஆபீஸில் வேலை பார்த்த ஒருவரை வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறாள். நல்ல உயரம், நல்ல பேச்சு. தன் எதிர்காலத் திட்டங்களை அவர் விவரித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா நடுவில் புகுந்து, நெஞ்சின் மேல் வைத்த கையை எடுத்துவிட்டு அதையே இன்னொரு தடவை சொல்லுங்கள் தம்பி, பார்ப்போம் என்றிருக்கிறாள். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் எங்கே என்ன பேசினாலும் அக்காவின் கண் அந்தக் கைக்குத்தான் போயிற்று. வாக்குக் கொடுக்கும்போதெல்லாம் கை நெஞ்சுக்கு ஏறியது. கொஞ்ச நாளில் அது தானாக அறுந்துபோனது. அக்கா ரொம்ப நாள் பெரியம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது அக்கா இன்னொருவரை விரும்பினாள். பெரிய வணிக வளாகத்தில், இரண்டாவது மாடியில் இருக்கிற செருப்புக் கடையில் விற்பனையாளர். முதல் மாதமே தையல் விட்டுப்போன ஒரு ஜோடியை மாற்றப் போன இடத்தில் பழக்கமாம். அவரை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு வீட்டுக்கு அழைத்திருப்பதாக ஒருநாள் சாயங்காலம் பெரியம்மாவிடம் சொன்னாள். என்ன வேலை, எந்தக் கடை என்று பெரியம்மா இரண்டு கேள்விதான் கேட்டாள். சரி, வரட்டும் என்றாள். அவ்வளவுதான். அதுதான் எங்களை உலுக்கிவிட்டது.

ஏனென்றால் அன்றையிலிருந்து அவள் டிவி போடவில்லை. வேலையிலிருந்து வந்தாள், ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள், கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஏதோ யோசித்தாள். நர்ஸ் இறங்கி வந்து பார்த்துவிட்டு, ரிமோட் ரிப்பேரா, நீங்க ரிப்பேரா என்று கேட்டாள். அக்கா சமையலறையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைக்கிற சத்தத்துக்கே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அக்காவின் கட்டிலுக்கு அடியில் ஒரு பை பாதி அடுக்கி வைத்திருந்ததை நான் பார்த்தேன். வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் இடம் சொல்லி வைத்திருப்பதாக என்னிடம் மட்டும் சொன்னாள். இந்தத் தடவையும் பெரியம்மா ஒரு வார்த்தை சொல்லிக் கெடுத்தால் அன்றைக்கே கிளம்பிவிடுவாளாம்.

பெரியம்மா சொல்வதைக் கேட்காமல் நீ கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டியதுதானே என்று மெதுவாகக் கேட்டேன்.

"அவ சொல்றது தப்பா இருந்தா சண்டை போடலாம்டா. அவ சொன்னதுக்கப்புறம் எனக்கும் அதுதானே தெரியுது" என்றாள் அக்கா. "அவரை அப்படிப் பாத்துட்டேன்னா அதுக்கப்புறம் என்ன பண்றது?"

அதனால்தான் அந்த யோசனை அவளுக்கு வந்தது. பெரியம்மா எதையெதைப் பார்ப்பாள் என்று அக்காவுக்கு அத்துப்படி. அதையெல்லாம் அவரிடமிருந்து முன்கூட்டியே துடைத்து எடுத்துவிட்டால்?

வளாகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில், அவருடைய மதிய இடைவேளையில் நாங்கள் கூடினோம். முதல் பார்வையிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அதுவே கவலையாகவும் இருந்தது. மனுஷன் உட்கார்ந்ததும் கால் ஆட ஆரம்பித்தது. மேஜை ஆடியது. டம்ளரில் டீ வட்டம் வட்டமாக அலையடித்தது. வெட்கம் வந்தால் காதைச் சொறிந்தார். சிரிப்பான விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் தானே சிரித்துவிட்டார். பெரியம்மா கையில் ஒரு பெட்டி குண்டூசி வேண்டியிருக்கும்.

நான்தான் பெரியம்மா. எதிரே உட்கார்ந்து முறைக்க வேண்டும். எனக்கு யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பழக்கமில்லை, அதனால் அவருடைய சட்டையின் இரண்டாவது பொத்தானை முறைத்தேன். அதற்கே அவருக்கு வியர்த்தது. அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லிக்கொடுத்தாள். கால் ஆடக் கூடாது. கை மடியில் இருக்க வேண்டும், நெஞ்சுப் பக்கமே போகக் கூடாது. 'உண்மையைச் சொல்லணும்னா' என்று பேச்சை ஆரம்பிக்கக் கூடாது, அதற்குப் பிறகு வருவது பொய் என்பது பெரியம்மாவின் தீர்மானம். கேள்வி கேட்டால் கூரையைப் பார்க்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், டீ குடித்ததும் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைக்க வேண்டும்.

"அவங்க என்ன, வேலைக்கு ஆள் எடுக்கறாங்களா?" என்று கேட்டார் அவர்.

"அதுக்கும் மேல" என்றாள் அக்கா.

நல்ல மாணவர். நாலைந்து இடைவேளைகளில் கால் நின்றது, காது தப்பித்தது. ஆனால் ஆடாத காலும் அசையாத கையுமாக அவர் உட்கார்ந்திருந்தபோது, முதுகில் கிளிப் போட்ட சட்டைக்காரர்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தார்கள். இவர் இப்போது டிவியில் வருகிற ஆள் மாதிரி ஆகிவிட்டார் என்று அக்காவிடம் சொன்னேன். "ஆனா ஆகட்டும். டிவில வர்றவனுக்காவது கடைசி எபிசோடு வரைக்கும் டைம் குடுக்கறா எங்கம்மா" என்றாள்.

ஞாயிறு வந்தது. காலையிலேயே அக்கா வீடு முழுக்கக் குண்டூசி வேட்டை நடத்தினாள். சோபா கைப்பிடியில் இருந்ததையெல்லாம் பிடுங்கினாள், ஏப்ரனைத் துவைக்கப் போட்டாள், தையல் டப்பாவைக் கொண்டுபோய்த் தன் அலமாரியில் பூட்டினாள். பெரியம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானம் மணி அடித்ததும் அக்காவுக்கு முன்னால் அவளே போய்க் கதவைத் திறந்தாள்.

அவர் பழப் பையோடு நின்றார். பெரியம்மாவைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வணக்கம்மா என்றார். மறுபடியும் வணக்கம்மா என்றார். ஒரு காலில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, இன்னொரு காலில் ஷூவோடு ஹாலுக்குள் வந்துவிட்டார். செருப்புக் கடையில் வேலை பார்க்கிறவர்! அக்கா கண் ஜாடை காட்டியதும் வாசலுக்கு ஓடினார். பயிற்சியெல்லாம் முதல் நிமிஷத்திலேயே போயிற்று என்று நான் நினைத்தேன். இல்லை, திரும்பி வந்து உட்கார்ந்ததும் அளவுக்கு அதிகமாகவே வந்துவிட்டது. கால் ஆடவில்லை. கை ஆடவில்லை. கழுத்துகூட ஆடவில்லை. பெரியம்மா எழுந்து சமையலறைக்குப் போனபோதும் அவர் சோபாவில் அவள் விட்டுப்போன காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் டீ ஆறி மேலே ஆடை படிந்தது.

பெரியம்மாவின் விரல்கள் சோபா கைப்பிடியில் இருந்த சின்னச் சின்ன ஓட்டைகளைத் தடவிக்கொண்டே இருந்தன. கேட்டதெல்லாம் சாதாரணக் கேள்விகள். எப்படி வந்தீர்கள், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா, வீட்டில் எல்லோரும் நலமா. வீட்டில் எல்லோரும் நலமா என்றபோது அவர் டம்ளரை எடுத்து, குடிக்காமலேயே திரும்ப வைத்தார்.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் சர்க்கரை கேட்டு வந்தாள். அவள் வீட்டில் சர்க்கரையே சேர்ப்பதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சர்க்கரையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கதவோரமாகவே நின்றுவிட்டாள்.

"கடைக்கு வர்றவங்க செருப்பு மட்டும்தான் கேப்பாங்களா, இல்ல வேற கதையும் கேப்பாங்களா?" என்றாள் பெரியம்மா.

"கேப்பாங்கம்மா."

"என்ன சொல்லுவீங்க?"

அவர் காது மடல் இரண்டும் சிவந்துபோயின. அவ்வளவு சிவப்பை நான் எந்தக் காதிலும் பார்த்ததில்லை. "வாய்க்கு வந்ததைச் சொல்லிடறது. அப்புறம் வீட்டுக்குப் போனா மனசு உறுத்தும்" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். எந்தப் பயிற்சியிலும் இல்லாத பதில் அது. தன் வாயாலேயே தன்னைப் பொய்யன் என்று சொல்லிக்கொள்கிறாரே, இதை எங்கிருந்து எடுத்தார்? பெரியம்மா 'ம்' என்றாள். அதற்குப் பிறகு மழை வருமா வராதா என்று பேசினார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்தார். எல்லோருக்கும் ஒரு தடவையும் கதவுக்கு ஒரு தடவையுமாகத் தலையாட்டிவிட்டுப் போனார். ஆறிய டீயும் டம்ளரும் வைத்த இடத்திலேயே இருந்தன. அக்கா அதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நர்ஸும் போனாள், மனசில்லாமல். பெரியம்மா அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு போய்த் தானே கழுவினாள். அக்கா சமையலறை வாசலில் நின்றாள். எனக்கு அங்கே இருக்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த பைதான் நினைப்பில் வந்தது. நல்லதோ கெட்டதோ, இன்னும் ஒரு வாக்கியத்தில் இந்த வீட்டில் யார் இருப்பார்கள் என்பது தெரிந்துவிடும்.

"சொல்லும்மா" என்றாள் அக்கா. "எத்தனை குத்திருப்ப?"

பெரியம்மா டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

"அவனுக்குப் பொய் சொல்லவே வரலடி" என்றாள்.

அக்காவுக்குப் புரியவில்லை. "அவர் எங்கம்மா பொய் சொன்னாரு?"

"சரி, சொல்லல. நல்ல பிள்ளை. கட்டிக்கோ." பிறகு கொஞ்சம் கோபமாக, "ஏன்டி அவனைப் பொம்மை மாதிரி உக்கார வெச்ச? கால் ஆட்டறவன் ஆட்டிட்டுப் போறான், உனக்கென்ன?"

அவர் கால் ஆட்டுகிறவர் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று அக்கா கேட்டாள். சோபா விறைத்துப்போய் நின்றதே, அதிலேயே தெரியவில்லையா என்றாள் பெரியம்மா. இத்தனை வருஷம் சத்தமில்லாமல் பார்த்த கண்ணுக்கு இது எம்மாத்திரம் என்று நானும் நம்பினேன். அக்கா அன்றைக்குப் பையைப் பிரித்துத் துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "நல்ல பிள்ளைன்னு சொல்லிட்டாடா. அவ ஒருத்தரைக்கூட இப்படிச் சொன்னதில்ல. இப்ப இதுவும் பயமா இருக்கு" என்றாள்.

மறுநாள் டிவி ஓடியது. நர்ஸ் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். புதிதாக ஒரு தீவு நிகழ்ச்சி, புதிதாகப் பத்துப் பேர். பெரியம்மா சத்தத்தை நிறுத்தினாள்.

கல்யாணம் சின்னதாக நடந்தது. இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார்கள். மாமா இப்போது எங்கள் வீட்டு சோபாவில் தாராளமாகக் கால் ஆட்டுகிறார், பெரியம்மா ஒன்றும் சொல்வதில்லை. போன மாதம் ஷூ வாங்க அவர் கடைக்குப் போயிருந்தேன். அளவு பார்க்க என் காலடியில் உட்கார்ந்தபடி, உங்க அக்காவுக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே என்று ஆரம்பித்தார். வீட்டுக்கு வருவதற்கு முந்தின வாரம் ஓர் அம்மா கடைக்கு வந்து, ஜோடி ஜோடியாக எடுக்கச் சொல்லிப் போட்டுப் பார்த்து எதையும் வாங்காமல், தம்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாளாம். அக்கா அவரிடம் காட்டியிருந்த பெரியம்மாவின் படம் ரொம்பப் பழசு, அதனால் ஆள் தெரியவில்லை. இப்படிக் கேட்கிறவர்கள் அடுத்து பெண் பார்த்துத் தருகிறேன் என்று உட்கார்ந்துவிடுவார்கள் என்பதால், ஆகிவிட்டது, இரண்டு பிள்ளைகள் என்று எல்லோரிடமும் சொல்வது அவர் வழக்கம். அன்றும் அதையே சொன்னார். அந்த அம்மா விடவில்லை. மூத்தது பையனா பெண்ணா என்றாள். பெண் என்றார். பேர் என்ன என்றாள். அதுவரை யாரும் பேர் கேட்டதில்லை. கையில் ஒற்றைச் செருப்போடு முழித்துவிட்டு, வாயில் வந்த ஒரே பேரைச் சொன்னாராம். அது அக்காவின் பேர்.